மாகாண சபைத் தேர்தலை நிறுத்தி வைத்திருப்பது எந்தச் சட்டம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கடற்கரைவீதி (திருகோணமலை நகரம்)

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான் மாகாணத்தை நடத்துகிறார்கள். மாகாணப் பாடசாலைகள், ஆதார வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், கமத்தொழில், உள்ளூராட்சி எல்லாம் அதற்குள் வருகிற விடயங்கள். 37 பேர் இருந்து கேள்வி கேட்ட சபை நம் நகரத்திலேயே பூட்டிக் கிடக்கிறது.

தேர்தல் ஏன் இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் காசில்லை என்கிறார், ஒருவர் கொரோனா என்கிறார், இன்னொருவர் கொழும்புக்கு மனமில்லை என்கிறார். போன கிழமை ஒருவர், "நடத்துவதற்குச் சட்டமே இல்லை" என்றார். தேர்தல் நடத்தச் சட்டம் இல்லாமல் போகுமா? இருந்த சட்டத்தை யார், எப்படி இல்லாமல் ஆக்கினார்கள்? கட்சிச் சண்டையை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள். மகள் உயர்தரத்தில் அரசறிவியல் எடுக்கிறாள், அவளும் வாசிப்பாள்.


பழைய_கோப்பு (உப்புவெளி)

தம்பி, நான் மாகாணப் பொதுச்சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 2017இல் இரண்டு சட்டமூலங்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விடயம் விளங்கும்.

முதலாவது, அரசியலமைப்புக்கான 20ஆம் திருத்தச் சட்டமூலம். 2020இல் நிறைவேறிய 20ஆம் திருத்தம் வேறு, இலக்கம் மட்டும்தான் ஒன்று. ஒன்பது மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பது இதன் நோக்கம். ஒரே நாள் என்றால், முதலில் முடிகிற சபைகளின் காலத்தை நீட்ட வேண்டும். முதலில் முடிய இருந்தவை கிழக்கு, வடமத்தி, சப்ரகமுவ. மாகாண சபைகளைப் பற்றிய ஏற்பாட்டை மாற்றுவதால் எல்லாச் சபைகளிடமும் கருத்துக் கேட்டார்கள். நம் கிழக்குச் சபை ஆதரவாக வாக்களித்தது. தன்னுடைய ஆயுளை நீட்டும் சட்டமூலத்துக்குத் தானே கை உயர்த்தியது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. சனம் ஐந்து வருடத்துக்குத்தான் வாக்குப் போட்டது. நல்லவேளை, இதை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அரசாங்கம் அதைக் கைவிட்டது.

இரண்டாவது, மாகாண சபைகள் தேர்தல் திருத்தச் சட்டமூலம். இதுதான் நம்மைக் கட்டிப்போட்டது. வர்த்தமானியில் வந்தபோது வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குவதுதான் அதன் நோக்கம். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் காரணமில்லை. 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி விவாதம். குழுநிலைக்கு (வாசகம் வாசகமாக எடுத்துப் பார்க்கும் கட்டம்) வந்ததும் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் உள்ளே போயின. தேர்தல் முறையே மாறிவிட்டது. 1988இலிருந்து இருந்த விகிதாசார முறை போய், பாதி உறுப்பினர்கள் தொகுதி வாரியாகவும் பாதிப் பேர் விகிதாசாரப்படியும் வருகிற கலப்பு முறை வந்தது. அன்றைக்கே வாக்கெடுப்பு. ஆதரவு 159, எதிர் 37. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் என்று தேடினால் கிடைக்கும்.

தொகுதி முறை என்றால் தொகுதிகளுக்கு எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அமைத்தார்கள், அதன் அறிக்கை 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆகஸ்ட் 24ஆம் திகதி அதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. எதிராக 139. சமர்ப்பித்த அமைச்சரும் எதிராகத்தான் வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் அறிக்கை வர வேண்டும். வரவில்லை. 2019இல் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பழைய முறையில் நடத்தலாமா என்று உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார். எல்லை நிர்ணயம் முடியாமலோ சட்டத்தைத் திருத்தாமலோ நடத்த முடியாது என்பதே பதில்.

பழைய முறையைச் சட்டம் நீக்கிவிட்டது. புதிய முறைக்கு எல்லை இல்லை. 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. தேர்தல் ஆணைக்குழு திகதி போட வேண்டுமென்றால் அதற்குக் கீழே ஒரு சட்டம் இருக்க வேண்டுமே!


சாம்பல்தீவு_இளையவன்

ஐயா, விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் எனக்கு இது மோசடி மாதிரித்தான் தெரிகிறது. பெண்களுக்கு ஒதுக்கீடு என்று சொல்லி உள்ளே கொண்டுபோய், தேர்தல் முறையை மாற்றிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள். நீதிமன்றம் போயிருக்கலாம்தானே? இப்போதும் போகலாம்தானே? இந்தியாவில் சட்டம் வந்து பல வருடம் கழித்தும் நீதிமன்றம் ரத்துச் செய்கிறது. தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறியவில்லையா?


சட்டபீடம்_மூதூர்

தம்பி, இந்தியாவோடு நம்மை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடே அதுதான். இலங்கை அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையை எடுத்து வாசியுங்கள். சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் விசாரிக்க முடியாது. 1978இலிருந்து இதுதான் நிலை. இந்தியாவில் சட்டம் ஆன பிறகும் கதவு திறந்திருக்கிறது. இங்கே சட்டம் ஆவதற்கு முன்பு கொஞ்ச நாள் மட்டும் திறந்திருக்கும்.

அந்தக் கொஞ்ச நாள் எங்கே வருகிறது என்று பார்க்க, சட்டமூலம் போகும் பாதையைச் சொல்ல வேண்டும். அமைச்சு ஒன்று அமைச்சரவையில் அனுமதி எடுக்கிறது. சட்ட வரைஞர் திணைக்களம் வரைவை எழுதுகிறது. அரசியலமைப்புக்கு முரண் இருக்கிறதா என்று சட்டமா அதிபர் பார்க்கிறார், அது 77ஆம் உறுப்புரை அவருக்குக் கொடுத்த கடமை. பிறகு வர்த்தமானி. வர்த்தமானியில் வந்து சட்டம் சொல்லும் நாட்கள் கழிந்த பிறகே நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (சபை எடுக்க இருக்கும் அலுவல்களின் பட்டியல்) ஏற்றலாம். ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து எந்தப் பிரசையும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் காலக்கெடு மிகக் குறுகியது, வாரக்கணக்கில்தான் பேச வேண்டும். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அனுப்பும். சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு (அதாவது 150 வாக்கு) வேண்டுமா, அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா, எந்த வாசகத்தைத் திருத்தினால் சிக்கல் தீரும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அதன் பிறகு இரண்டாம் மதிப்பீடு. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பேச்செல்லாம் இங்கேதான். சட்டமூலத்தின் கொள்கை சரியா பிழையா என்ற விவாதம். அது முடிந்ததும் குழுநிலை. முழுச் சபையும் குழுவாக இருந்து ஒவ்வொரு வாசகமாக எடுக்கும். திருத்தம் புகுவது இங்கே. பிறகு மூன்றாம் மதிப்பீடு, அது பெரும்பாலும் சடங்குதான். கடைசியாகச் சபாநாயகரின் சான்றுரை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை வர்த்தமானியில் வந்த வாசகத்துக்குத்தான். குழுநிலையில் புதிதாக வருகிற வாசகத்தைப் பற்றிச் சட்டமா அதிபர் சபாநாயகருக்கு அபிப்பிராயம் சொல்வார். பிரசைக்கு அங்கே இடமில்லை. காலையில் திருத்தம் மேசைக்கு வந்து, மாலையில் வாக்கெடுப்பு முடிந்து, சபாநாயகர் கையொப்பமும் வைத்துவிட்டால் 80(3) கதவைச் சாத்திவிடும். 2017 செப்டெம்பர் 20இல் நடந்ததைச் சட்டம் படிக்கிறவன் என்ற முறையில் நான் மிகப் பெரிய அநியாயமாகப் பார்க்கிறேன். வாக்கெடுப்பில் தோற்றிருந்தால் பரவாயில்லை. 30 சதவீதம் என்ற தலைப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த சனத்துக்கு, எதிர்க்கிற வாய்ப்பே கிடைக்கவில்லை.


நிலாவெளி_ரீச்சர்

அரசறிவியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் "முதலாம், இரண்டாம், மூன்றாம் மதிப்பீடு" என்று பாடமாக்கி எழுதிவிடுவார்கள். குழுநிலைக்கு ஒரு வரிதான் எழுதுவார்கள். பாடப் புத்தகத்திலும் அதற்கு அவ்வளவுதான் இடம். சட்டபீடம் தம்பி சொன்னதைத் தொடர்ந்து, அண்மைய உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். கடற்கரைவீதி அண்ணாவின் மகளுக்கும் உதவும்.

இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 ஒக்டோபர் 3ஆம் திகதி நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. பத்திரிகையாளர்கள், சிவில் அமைப்புகள், அரசியல்வாதிகள் என்று பலர் நீதிமன்றம் போனார்கள். 31 வாசகங்களைத் திருத்தினால்தான் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மனுப் போட்டதால் கிடைத்த பலன் அது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி அன்றைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன கையொப்பமிட்டார்.

அதன் பிறகுதான் பிரச்சினை வெடித்தது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் குழுநிலையில் சரியாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி சொன்னது. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சபாநாயகருக்கு எழுதியது. சான்றுரையை எதிர்த்து அப்போதைய தமிழரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் நீதிமன்றம் போனார், மனு விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச்சில் 75க்கு 117 என்று தோற்றது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக அது வந்துவிட்டது.

நீதிமன்றத்தில் வென்றதைக் குழுநிலையில் இழக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? குழுநிலை நடக்கும்போது கலரியில் ஆள் இருக்காது, செய்தியாளர்களும் அநேகமாக எழும்பிப் போயிருப்பார்கள். வாசகம் வாசகமாக "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று போகும். பேச்சைக் கேட்கச் சனம் இருக்கிறது, திருத்தத்தை வாசிக்க ஆளில்லை. எனக்கு இது உண்மையாகவே கவலை தருகிற விடயம்.


கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். கொழும்பைப் பற்றியே கதைக்கிறோம். நம் சபைக்குச் சட்டமூலம் வந்த காலத்தையும் கொஞ்சம் கதைப்போம். திவிநெகும ஞாபகம் இருக்கிறதா? சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒன்றாக்கி ஒரு திணைக்களம் அமைக்கிற சட்டமூலம், 2012இல். கிராம மட்டத்து அபிவிருத்தி மாகாண நிரலில் (மாகாணங்களுக்குரிய விடயங்களின் பட்டியல்) இருக்கிறது, ஆகவே மாகாண சபைகளைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் அது திருகோணமலைக்கு வந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 8ஆம் திகதிதான் நமக்குத் தேர்தல் நடந்தது. புதுச் சபை கதிரையில் இருந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒக்டோபரில் ஆதரவாக வாக்களித்துவிட்டார்கள். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஆட்களும் கை உயர்த்தினார்கள்.

அந்த நேரம் எங்கள் ஊரில் பலருக்கு மனவருத்தம். மாகாணத்தின் அதிகாரம் ஒன்று மத்திக்குப் போகிறது. அதை மறிக்கிற சாவி நம் கையில் இருந்தது. அந்தச் சாவியின் பெறுமதியை நம் ஆட்களே அறியவில்லையே என்ற கவலை.


பழைய_கோப்பு (உப்புவெளி)

நானா, அந்தச் சாவி 154எ(3) உறுப்புரை. மாகாண நிரலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலம் என்றால், வர்த்தமானியில் வந்த பிறகு, ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும் முன்பு, சனாதிபதி அதை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்ப வேண்டும். எல்லாச் சபையும் ஒத்துக்கொண்டால் சாதாரணப் பெரும்பான்மை. ஒரு சபை மறுத்தாலும், நாடு முழுவதற்கும் பொருந்த நிறைவேற்ற 150 வாக்கு வேண்டும். மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தில் சிறுபான்மை மாகாணங்களுக்குக் கிடைத்த நல்ல பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று.

திவிநெகுமவில் வடக்கின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே அப்போது சபையே இல்லை, 2013இல்தான் முதல் தேர்தல். ஆளுநர் சபைக்குப் பதிலாகத் தானே சம்மதம் கொடுத்தார். தமிழரசுக் கட்சியின் மாவை சேனாதிராசா நீதிமன்றம் போனார். சனம் தெரிந்தெடுத்த சபையின் இடத்தில் ஆளுநர் நிற்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2013 ஜனவரி 8ஆம் திகதி 160க்கு 53 என்று மூன்றில் இரண்டால் நிறைவேற்றினார்கள். மூன்று நாள் கழித்து, 11ஆம் திகதி, அந்தத் தீர்மானங்களைக் கொடுத்த அமர்வில் இருந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணையை அதே நாடாளுமன்றம் 155க்கு 49 என்று நிறைவேற்றியது. அரசாங்கத்திடம் அத்தனை எண்ணிக்கை இருந்தும் மாகாண சபை என்ற தடையை அது எவ்வளவு பெரிதாக எடுத்தது என்பதற்கு இது சாட்சி.

இன்றைக்கு ஒன்பது மாகாணத்திலும் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. காணி, கல்வி, விவசாயம் பற்றி நாளைக்கு ஒரு சட்டமூலம் வந்தால், "எங்களுக்கு இது வேண்டாம்" என்று தீர்மானம் போடுவதற்குத் திருகோணமலையில் யார் இருக்கிறார்கள்? தேர்தல் இல்லாததால் வீதி போடவில்லை, நியமனம் தரவில்லை என்று மட்டும் நினைக்கிறோம். நாடாளுமன்றத்தின் பாதையில் நம்முடைய படி ஒன்று காணாமல் போயிருக்கிறது. இதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.


உவர்மலை_அக்கா (நியூ ஜேர்சி)

ஊரை விட்டு வந்து கனகாலம், ஆனாலும் இந்த இழையை ஒரு வரி விடாமல் வாசித்தேன். இங்கே அமெரிக்காவில் 2025இல் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கதைப்பதும் அதுவும் ஒரே விடயம்.

வரிக் குறைப்பும் செலவுக் குறைப்பும் சேர்ந்த ஒரு மிகப் பெரிய சட்டமூலம் மே 22ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் 215க்கு 214 என்று ஒரே ஒரு வாக்கால் நிறைவேறியது. அதற்குள்ளே, மாநிலங்கள் 10 வருடத்துக்குச் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று ஒரு பகுதியும் இருந்தது. வரிச் சட்டமூலத்தில் அதற்கு என்ன வேலை? ஆனால் இங்கே இரண்டு சபை. இரண்டும் ஒரே வாசகத்தை, ஒரு சொல் மாறாமல், நிறைவேற்ற வேண்டும். செனட்டுக்குப் போவதற்கிடையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடைத்தது. அந்த நேரத்தில் சனம் வாசித்தது. மாநில ஆளுநர்களும் மாநிலச் சட்டமா அதிபர்களும் கட்சி பேதம் பார்க்காமல் எதிர்த்தார்கள். (இங்கே ஆளுநர் என்றால் மாநிலத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிந்தவர், கொழும்பு அனுப்புகிறவர் மாதிரி இல்லை.) ஜூலை 1ஆம் திகதி செனட் 99க்கு 1 என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டது. மிச்சச் சட்டமூலம் 50க்கு 50 என்று நின்று, துணைச் சனாதிபதி வான்ஸின் வாக்கால் 51க்கு 50 ஆனது. செனட் வாசகத்தை மாற்றியதால் திரும்பவும் பிரதிநிதிகள் சபைக்குப் போய், 3ஆம் திகதி 218க்கு 214. 4ஆம் திகதி சனாதிபதி கையொப்பம்.

அந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத விடயங்கள் நிறைய இருக்கின்றன, அதை இங்கே எழுதவில்லை. வாசகம் ஒன்றை வாசித்து எதிர்க்க ஒரு மாதம் இருந்தது. நம் 2017 திருத்தத்துக்கு ஒரு நாளும் இருக்கவில்லை.

வரவு செலவுத் திட்டத்தோடு ஒட்டிய இந்தமாதிரிச் சட்டமூலங்களுக்குச் செனட்டில் இன்னொரு காவலும் இருக்கிறது. வரவு செலவோடு சம்பந்தமில்லாத வாசகம் என்று ஒரு உறுப்பினர் ஆட்சேபித்தால், செனட்டின் நடைமுறை ஆலோசகர் பார்த்து அபிப்பிராயம் சொல்வார். இதே சட்டமூலத்தில் பல வாசகங்கள் அப்படி விழுந்தன.


சாம்பல்தீவு_இளையவன்

அக்கா, உங்கள் நாட்டில் மாநிலத்துக்குப் பலம் இருக்கிறது, செனட் இருக்கிறது. இங்கே செனட் சபையை 1971இலேயே கலைத்துவிட்டார்கள். 225 பேரில் திருகோணமலைக்கு 4 பேர். நடைமுறையை எவ்வளவு படித்தாலும் கை உயர்த்துகிற எண்ணிக்கை அவர்களிடம்தானே? 18ஆம் திருத்தம் 2010இல் அவசரச் சட்டமூலம் என்று, வர்த்தமானியில் போட்டுக் காத்திருக்காமலே, வந்து சில நாட்களில் 161 வாக்கோடு முடிந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்து இன்று வரை நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் நிற்கிறது. எண்ணிக்கை இல்லாதவன் உறுப்புரை இலக்கம் தெரிந்து என்ன செய்வது? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.


சட்டபீடம்_மூதூர்

கேள்வி நியாயமானது. ஆனால் இந்த இழையில் வந்த உதாரணங்களையே திரும்பப் பாருங்கள். 2017இல் சபைகளின் ஆயுளை நீட்ட வந்த 20ஆம் திருத்தச் சட்டமூலம் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்கவில்லை. குறித்த நாளுக்குள் மனுப் போட்டவர்களால் நின்றது. நிகழ்நிலைக் காப்பில் 31 வாசகத்தைத் தொட வைத்ததும் மனுதான். மாவை ஐயாவுக்கு அந்தச் சபையில் எண்ணிக்கை இருந்ததா? ஒரு மனுவால் அரசாங்கத்தை மூன்றில் இரண்டு தேட வைத்தார். அவசரச் சட்டமூலம் என்ற வழி எப்படிப்பட்டது என்பதை 18ஆம் திருத்தத்தில் கண்டதால்தான் 2015இல் 19ஆம் திருத்தம் அதை நீக்கியது.

எண்ணிக்கை இல்லாதவர்களுக்குத்தான் நடைமுறை அதிகம் தேவை, தம்பி. இருக்கிறவர்களுக்கு அது இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும்.

மனம் இருந்தால் எவ்வளவு கெதியாக முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. உள்ளூராட்சித் தேர்தல் 2023இல் வேட்புமனு வாங்கிய நிலையில் நின்றுபோயிருந்தது. பழைய வேட்புமனுக்களை ரத்துச் செய்யச் சட்டம் வேண்டும். 2025 ஜனவரியில் விசேட ஏற்பாடுகள் சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டது. நீதிமன்றம் பார்த்தது. பெப்ரவரி 17ஆம் திகதி 187 வாக்குகளால் நிறைவேறியது. மே 6ஆம் திகதி நாம் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தோம். சட்டமூலம் சபைக்கு வந்து தேர்தல் நடக்கும்வரை நான்கு மாதம்! மாகாண சபைக்கும் அதே பாதைதான், அதே நாடாளுமன்றம்தான்.


கடற்கரைவீதி (திருகோணமலை நகரம்)

மனம் நிறைந்தது, எல்லோருக்கும் நன்றி. மகள் இரண்டு கேள்வி தந்தாள். ஒன்று, சட்டமூலம் வருவதைச் சாதாரண ஆள் எப்படி நேரத்துக்கு அறிவது? இரண்டு, மாகாண சபைத் தேர்தலுக்கு இப்போது எப்படிப்பட்ட சட்டமூலம் வேண்டும்?


நிலாவெளி_ரீச்சர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வர்த்தமானியின் இரண்டாம் பகுதிக்கான குறைநிரப்பியில்தான் சட்டமூலங்கள் வரும். அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் தளத்திலும் நாடாளுமன்றத் தளத்திலும் மூன்று மொழியிலும் போடுகிறார்கள். தமிழ்ப் பிரதியை வாசியுங்கள், ஆனால் சிங்களம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சட்டமூலங்களின் கடைசி வாசகத்தில், இரண்டுக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். நீதிமன்றம் போக நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. ஒழுங்குப் பத்திரமும் நாடாளுமன்றத் தளத்தில் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் குழுக் குழுவாக ஒவ்வொரு சட்டமூலம் கொடுத்து, வர்த்தமானியில் வந்த வாசகத்தையும் கடைசியில் சட்டமான வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 2017இன் 17ஆம் இலக்கத்தை அப்படிப் பார்த்தால் மகளுக்கு எல்லாம் விளங்கும்.


கிண்ணியா_நானா

இரண்டாவது கேள்விக்கு என் கருத்து. பழைய விகிதாசார முறைக்கே போக வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் மூன்று சமூகமும் கலந்து இருக்கிறோம். தொகுதி பிரித்தால் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு சமூகம் மொத்தமாக மறைந்து போகலாம். தம்பலகாமத்தில் ஒரு பக்கம், குச்சவெளியில் ஒரு பக்கம் என்று சிதறி இருக்கிறவர்கள் எந்தத் தொகுதியிலும் வெல்ல மாட்டார்கள். மாவட்டம் முழுக்க ஒரே பட்டியல் என்றால் சிதறிய வாக்கும் சேர்ந்து வரும். நமக்குப் பத்து ஆசனம் இருந்தது, மூன்று சமூகத்துக்கும் ஆள் போனது. எல்லை நிர்ணய அறிக்கைக்குச் சிறுபான்மைக் கட்சிகள் பயந்ததும் இதற்காகத்தான்.


பழைய_கோப்பு (உப்புவெளி)

நானா சொன்னது சரி. அதற்கு நீளமான சட்டமூலமும் தேவையில்லை. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைகள் தேர்தல் சட்டத்தில் 2017இல் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டு, பழைய ஏற்பாட்டைத் திரும்ப வைத்தால் போதும். சுமந்திரன் இதே நோக்கத்தோடு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அரசாங்கப் பக்கத்துச் சட்டமூலம் போல் தனிநபர் சட்டமூலம் முன்னால் போகாது, நேரம் ஒதுக்குவது அரசாங்கத்தின் கையில்தான். ஆகவே நம் மாவட்டத்தின் நான்கு பேரிடமும், எந்தக் கட்சி என்று பார்க்காமல், அரசாங்கச் சட்டமூலமாகவே கொண்டுவரச் சொல்லி எழுத வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் முதலில்.


நிலாவெளி_ரீச்சர்

ஐயா, அதில் ஒரு விடயத்தை நான் விடமாட்டேன். 2017 மாற்றத்தை மொத்தமாக எடுத்தால் பெண்களுக்கான 30 சதவீதமும் சேர்ந்து போய்விடும். அந்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்ததே அதற்காக. கடிதம் எழுதுவதென்றால், பழைய முறையோடு பட்டியலில் 30 சதவீதத்தையும் வைத்து, இரண்டையும் முதலிலேயே வர்த்தமானியில் போடச் சொல்லி எழுதுங்கள். குழுநிலையில் சேர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வரைவை நீங்கள் எழுதினால் நான் கையொப்பம் வைக்கிறேன், எங்கள் மாதர் சங்கத்திலும் வாங்கித் தருகிறேன்.


பழைய_கோப்பு (உப்புவெளி)

சரி ரீச்சர். 30 சதவீதத்தை முதல் பந்தியிலேயே வைக்கிறேன். ஞாயிறு வரைவை இங்கே போடுகிறேன், சட்டபீடம் தம்பி உறுப்புரை இலக்கங்களைச் சரிபார்த்துத் தரட்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கையொப்பம் சேர்க்கும் பொறுப்பை நானா எடுத்தால் நல்லது.